சிறுநீர் மாத்திரையும் கண் ஆபரேஷனும்

மதுரைக்கு மேற்கே, தேனி ரோட்டில் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. அங்குள்ள தாத்தாக்களுக்குக் கண்ணில் புரை விழுந்தால் மதுரைக்குப் பஸ் ஏறுவார்கள். டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி மதுரையில்தானே இருக்கிறது!

ஆபரேஷனுக்கு முன் எந்தக் கண் டாக்டரும் ஒரு கேள்வி கேட்பார்:

"என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"சர்க்கரைக்கு ஒன்று. ரத்தக் கொதிப்புக்கு ஒன்று" என்பார் தாத்தா.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைச் சொல்லமாட்டார். பக்கத்தில் மருமகள் நிற்கிறாளே! வெட்கம்.

அதுதான் சிறுநீர் மாத்திரை.

இரவில் ஐந்து முறை

ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே "புராஸ்டேட்" என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வயது ஏற ஏற அது பருக்கும். நடுவே போகும் சிறுநீர்க் குழாயை நெருக்கும். அப்புறம் என்ன? இரவில் நாலைந்து முறை எழ வேண்டும். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

இதற்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் கொடுப்பது "டாம்சுலோசின்". இது சுரப்பியைச் சுருக்காது. குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே சுகம் தெரியும். சிலருக்குத் தலை சுற்றும். ஆகவே, படுக்கையில் இருந்து சட்டென்று எழக்கூடாது.

சுரப்பியைச் சுருக்க வேறு மாத்திரை இருக்கிறது. "பினாஸ்டரைடு" என்று பெயர். அது முழுப் பலன் தர ஆறு மாதம்கூட ஆகும். உடைந்த பினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

கண்ணுக்கு என்ன சம்பந்தம்?

கண்மணியை விரிக்கும் தசையும் அதே இனம்தான். டாம்சுலோசின் அதையும் தளர்த்திவிடும். புரையை எடுக்கும்போது கண்மணி விரிந்தபடி இருக்க வேண்டும். இவர்களுக்கோ ஆபரேஷனுக்கு நடுவிலேயே சுருங்கிவிடும். அதைச் சுற்றியுள்ள சவ்வும் துணிபோல் தொளதொளவென்று ஆடும். 2005-ம் ஆண்டில் சாங், காம்பெல் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். முன்பே தெரிந்தால் கண் டாக்டர் அதற்கென்று மருந்தும் சிறு கொக்கிகளும் தயாராக வைத்துக்கொள்வார். தெரியாவிட்டால்தான் ஆபத்து. தாத்தாவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதும் உதவாது. நிறுத்திப் பல மாதம் ஆனவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. முன்பு எப்போதோ சாப்பிட்டிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

வாய் திறக்கக் கூச்சமா? மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் நீட்டினால் போதும்.

சளி மாத்திரை

இன்னொன்று. புராஸ்டேட் பருத்தவர்கள், மூக்கு ஒழுகுகிறது என்று கடையில் தாமாகச் சளி மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. சில சளி மாத்திரைகள் சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். வயிறு உப்பி, உயிர் போகிற மாதிரி வலிக்கும். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கலாமா? கூடாது. நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அங்கே ரப்பர் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவார்கள்.