பாட்டறியும் விளையாட்டு

மட்டக்களப்பு வாவியை மீன் பாடும் வாவி என்று உலகம் போற்றுகின்றது. ஆயின், பாடுவது மீன்தானா என்று வினவினால் விடை ஒன்றாய் வருவதில்லை. இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராய் இருந்த எமர்சன் டெனன்ற் 1848ஆம் ஆண்டு செப்தெம்பரில் இங்கு வந்து, நிலவு எழுந்தபின் தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டார். தோணிப் பலகையிற் காதை வைத்தபோது அது மேலும் தெளிவாயிற்று என்றும், ஒரே நீண்ட ஒலியாய் இல்லாமல் தனித்தனிச் சிற்றொலிகள் பலவாய் எழுந்தது என்றும் 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இவ்வூர் வலைஞர் அவருக்கு மீனைக் காட்டவில்லை, ஊரியைக் காட்டினார்கள். கூவுவது ஊரிதான் என்பது அவர்கள் கொள்கை.

ஒலியைக் கேட்டு, ஒலித்தது யாதென ஊகித்தல் வாவிக்கரை மக்களுக்குப் பழகிய தொழில் என்று இதனால் விளங்கும். அந்தத் தொழிலையே ஒரு விளையாட்டாக ஆக்கிக்கொள்வது எவ்வாறு என்பதை இங்கு எடுத்துரைப்போம். மெட்டைக் கேட்டுப் பாட்டைச் சொல்லும் போட்டி அது. விருந்தினர் கூடிய வீட்டிலும், பாடசாலை இலக்கிய மன்றத்திலும், மாமாங்கேசுவரர் கோயில் கொண்டிருக்கும் அமிர்தகழி போன்ற ஊர்களில் உறவினர் பலர் வந்து தங்கும் ஆடி அமாவாசைத் தீர்த்தக் காலத்து மாலை வேளைகளிலும் இதனை நடத்தலாம். பொருட்செலவு இல்லை, ஒரு மணியும் சில காகிதத் துண்டுகளும் போதும்.

முன்னோர் ஆடிய ஆட்டம்

இவ்விளையாட்டின் வேர் தமிழில் மிகப் பழையது. ஒரு செய்யுளின் முடிவு அடுத்த செய்யுளின் தொடக்கமாக வரும் அந்தாதியைக் காரைக்காலம்மையார் தம் அற்புதத் திருவந்தாதியிற் கையாண்டார். எழுத்தும், அசையும், சீரும், அடியும் அவ்வாறு தொடரலாம் என யாப்பு நூலார் வகுத்தனர். ஒன்றின் வாலைப் பிடித்து மற்றொன்றை நினைவுக்குக் கொணரும் இந்த உபாயம், ஏடு அரிதாயிருந்த காலத்திற் பாடல்களை நெஞ்சில் நிறுத்தப் பெரிதும் உதவியது. வடநாட்டார் அந்தாக்ஷரி என வழங்கும் ஆட்டமும் இந்த நெறியினதே.

பாட்டறியும் போட்டியின் கடுமைக்கு ஒரு கதை உண்டு. வில்லிபுத்தூரார் புலவர்களை வாதுக்கு அழைத்துத் தோற்றவர் காதை அறுத்துவந்தார் என்றும், அருணகிரிநாதர் அவர் எதிரே கந்தரந்தாதியைப் பாடிவர, வில்லியார் ஒவ்வொரு செய்யுளுக்கும் உடனுக்குடன் பொருள் உரைத்துவந்தார் என்றும், தகர வருக்கத்தாலேயே அமைந்த 54ஆம் செய்யுளிற் பொருள் காணாது தோற்றார் என்றும் சொல்வர். வென்ற அருணகிரியார் அவர் காதை அறுக்கவில்லை. தாமே பொருளையும் சொல்லி, அக்கொடிய வழக்கத்தை நிறுத்தச் செய்தார் என்பது கதையின் முடிபு. வென்றவன் தோற்றவனுக்குப் பாட்டின் பொருளைக் கற்பிக்கின்றான். இதனை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். விதிகளைச் சொல்லுமிடத்து இது மீண்டும் பயன்படும்.

அமெரிக்காவில் 1952இல் வானொலியிலும் மறு ஆண்டிலே தொலைக்காட்சியிலும் மெட்டறியும் போட்டி தொடங்கியது. இசைக் குழுவினர் மெட்டை வாசிக்கத் தொடங்கியதும் போட்டியாளர் இருவரும் மணியை நோக்கி ஓடுவர். முந்தி அடித்தவர் பாட்டைச் சொல்வார். நம் நாட்டில் இலங்கை வானொலி வழியே பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' வீடுதோறும் ஆட்களை வானொலிப் பெட்டியருகே கூட்டியது. பின்னர் அது தொலைக்காட்சி ஏறித் தமிழகத்துக்கும், தமிழர் குடியேறிய பிற தேசங்களுக்கும் சென்றது. இன்று தமிழர் கூடுமிடமெங்கும் இவ்வாட்டம் இருக்கக் காண்கின்றோம்.

எந்தப் பாட்டு வெல்கின்றது?

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இன்று ஆடப்படும் ஆட்டங்களில் ஒலிப்பவை பெரும்பாலும் திரைப்படப் பாடல்களே. அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. அவற்றுள் உயர்ந்தவை பல. அவற்றுக்கு இசைத்தட்டும், ஒலிநாடாவும், இணையமும் காவல் நிற்கின்றன. நாம் மறந்தாலும் அவை அழியா. வயலிற் பாடிய கவிக்கும், களத்திற் பாடிய பொலிப்பாட்டுக்கும், வலை இழுப்போர் பாடிய அம்பாவுக்கும், சித்திரை மாதத்து ஊஞ்சற் பாட்டுக்கும், அம்மம்மார் பாடிய தாலாட்டுக்கும் பெரும்பாலும் காவல் வாய் ஒன்றே.

அறிஞர் சிலர் இவற்றைத் தொகுத்து வைத்தனர். தி. சதாசிவ ஐயரின் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு 1940இல் அச்சேறியது. வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. இந்நூல்கள் இல்லையேல் நம் வறுமை பெரிதாயிருக்கும். ஆனால் அச்சு, சொல்லையே காக்க வல்லது. அச்சொல் எந்த இடத்தில் நீளும், எங்கே தழுதழுக்கும், எந்தத் தாளத்தில் மடங்கும் என்பதை எழுத்துத் தாங்காது. மெட்டு ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்வதன்றி வேறு வழியாற் பிழைப்பதில்லை. 2009 வரை நீண்ட போரும், 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் இக்கரையோரத்திலிருந்து கொண்டுபோன மாந்தரோடு, அவர்கள் அறிந்திருந்த மெட்டுகளும் போயின. எஞ்சியவை முதியோர் சிலரின் நெஞ்சில் உள்ளன.

ஆகவே பாட்டறியும் விளையாட்டை ஒரு சோதனைக் கருவியாகக் கொள்ளலாம். ஒரு மெட்டை முனகியதும் சபையிற் பலர் கையுயர்த்தினால் அப்பாட்டு உயிரோடு இருக்கின்றது. முதியவர் ஒருவர் மட்டும் கையுயர்த்தினால் அது அபாயத்தில் இருக்கின்றது. ஒருவரும் உயர்த்தாவிடின் அது ஊரை விட்டு நீங்கிவிட்டது. கீழ்வரும் விதிகள் இக்கருத்தை வைத்தே அமைக்கப்பட்டவை.

ஆடும் முறை

கண்ணகியம்மன் வழிபாட்டை ஒட்டி மட்டக்களப்பில் நிகழ்ந்த கொம்பு விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாய்ப் பிரியும். கோவலன் பக்கத்தார் வடசேரியார். கண்ணகி பக்கத்தார் தென்சேரியார். வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி இழுப்பர். கொம்பு முறிந்தவர் தோற்றவர். பாட்டும் எதிர்ப்பாட்டும் வசையும் அதனோடு கூடியிருந்தன. நம் ஆட்டத்துக்கும் இப்பெயர்களையே சூட்டலாம். ஆனால் வசையை விலக்குக. பாடுவோர் குரலை எள்ளி நகையாடும் அணிக்கு இரண்டு புள்ளி குறைத்தல் நன்று. குரலினிமை இல்லாத முதியவர் வாய் திறப்பதற்கு இவ்விதி இன்றியமையாதது.

அணிக்கு எட்டுப் பேர் வரை இருக்கலாம். இளைஞர் ஒரு பக்கம், முதியோர் ஒரு பக்கம் என்று பிரித்தல் ஆகாது. அம்மம்மாவும் பேத்தியும் ஒரே அணியில் இருக்க வேண்டும். நடுவர் முன்னதாகவே நாற்பது பாடல்களைத் தெரிந்து, துண்டுகளில் எழுதி, ஒரு பெட்டியில் இட்டுக் குலுக்கி வைப்பார். திரைப்பாடல், ஈழத்து மெல்லிசை, தேவார திருவாசகம், நாட்டார் கவி என நான்கு வகையும் சமமாய் இருத்தல் வேண்டும். கைத்தொலைபேசிகள் யாவும் ஆட்டம் முடியும்வரை வேறிடத்தில் இருக்கட்டும்.

முதலாவது மெட்டுச் சுற்று. நடுவர் ஒரு துண்டை எடுத்து, அப்பாட்டின் முதலடியைச் சொல் இன்றி முனகுவார். ஆர்மோனியமோ புல்லாங்குழலோ இருப்பின் அதில் வாசிப்பார். அறிந்தவர் மணியை அடித்து அவ்வடியைப் பாட வேண்டும். ஒருமுறை கேட்ட அளவிற் சொன்னால் ஐந்து புள்ளி, இருமுறை கேட்டால் மூன்று, மும்முறையாயின் ஒன்று. பிழையாய்ச் சொன்னால் வாய்ப்பு எதிரணிக்குச் செல்லும்.

இரண்டாவது சொற்சுற்று. பாட்டின் நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் நடுவர் சொல்வார். அச்சொல் வரும் அடியைப் பாட வேண்டும். முதலடி மட்டும் அறிந்தவரையும் முழுப்பாட்டு அறிந்தவரையும் இச்சுற்றுப் பிரித்துக் காட்டிவிடும்.

மூன்றாவது அந்தாதிச் சுற்று. இங்குத் தமிழுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் இருபத்திரண்டு என்பது நன்னூல். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு மெய்களும் மொழிமுதல் ஆகா. ஆதலால் பாட்டு அவ்வெழுத்துகளில் முடிந்தால் முன்னுள்ள எழுத்துக்குப் பின்வாங்குக. 'மச்சான்' என்று முடிந்தால் 'சா'வில் தொடங்குக. 'கிளியே' என்று முடிந்தால் ஏகாரத்தைக் கொள்க. 'ராசா' முதலிய சொற்களால் தொடங்கும் பாடல்கள் மிகுதியாதலின், ரகரத்தை ஏற்பதா விடுவதா என்று தொடங்குமுன் தீர்மானித்தல் சண்டையைத் தவிர்க்கும். எண்ணிப் பார்க்கப் பத்து விநாடி கொடுத்தாற் போதும்.

நான்காவது பொருட்சுற்று. அருணகிரியாரும் வில்லியாரும் ஆடியது இதுவே. ஓர் அணி ஒரு கவியைப் பாட, மற்ற அணி பாடுவோர் யார், எவரை நோக்கிப் பாடுகின்றார், எந்த வேளையிற் பாடுவது, அதிலுள்ள ஊர்வழக்குச் சொல்லுக்குப் பொருள் யாது என்பவற்றைச் சொல்லல் வேண்டும். சொல்ல இயலாவிடின் பாடிய அணியே விளக்குதல் வேண்டும். பாடிய அணிக்கும் விளக்கம் தெரியாதாயின் புள்ளி இல்லை.

இரண்டு தனி விதிகள்

எல்லாச் சுற்றுக்கும் பொதுவான விதிகள் இரண்டு உள. ஒன்று: விடை சொன்னவர் பாடியதோடு புள்ளி சேராது. அதே அணியில் அப்பாட்டை அறியாத ஒருவர் அவ்வடியைக் கேட்டுத் திருப்பிப் பாடிய பின்னரே புள்ளி எழுதப்படும். பேத்தி அறிந்த திரைப்பாட்டை அம்மம்மா பாட வேண்டியிருக்கும். அம்மம்மா அறிந்த கவியைப் பேத்தி பாட வேண்டியிருக்கும். சபையில் எழும் சிரிப்பிற் பெரும்பகுதி இவ்விடத்திலேதான் எழும். பயனும் அங்கேயே விளையும்.

மற்றொன்று: ஒருவரும் அறியாத பாட்டு வந்தால் ஆட்டத்தைச் சற்றே நிறுத்துக. நடுவர் அதனை முழுதும் பாட, இரு அணியும் சேர்ந்து மும்முறை பாடுக. அதன் பெயர் ஒரு குறிப்பேட்டில் ஏறட்டும். அடுத்த முறை கூடும்போது பெட்டியிலிருந்து வரும் முதற்பாட்டு அதுவாதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர் மன்றங்களிற் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டில் ஒருவரிடம் கேட்டறிந்த ஒரு கவியை மெட்டோடு கொண்டுவரும்படி பணித்தால், நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாற்பது துண்டுகள் தாமே சேர்ந்துவிடும். அவற்றை ஒலிப்பதிவு செய்துவைத்தலும் இன்று எளிது. ஆனால் ஒலிப்பதிவு பெட்டகத்துள் இருக்கும் நெல் போன்றது. விதைத்தாலன்றி அது பயிராவதில்லை. பாட்டுக்கு விளைநிலம் பாடும் வாய்களே. அவ்வாய்களைக் கூட்டி, போட்டியென்னும் சிறு ஆசையைக் காட்டி, வழக்கொழியும் மெட்டுகளை மறுபடியும் ஊருக்குள் அழைத்துவர இவ்விளையாட்டால் இயலும். வரும் விடுமுறையில் உறவினர் கூடும் ஒரு மாலையில், மூத்தவர் ஒருவரை நடுவே இருத்தி, முதல் மெட்டை அவரே முனகும்படி கேளுங்கள்.