தார் கரைவதில்லை, கழல்கிறது

ஐப்பசி அடைமழை விட்டதும் காட்டுப்பாக்கத்தில் மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டோரப் பள்ளங்களைச் சுற்றி ஜல்லி உதிர்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தார் ஒட்டியிருக்கும், மறுபக்கம் வெறும் சாம்பல் நிறக் கல். மழையில் தார் கரைந்துபோச்சு என்பார்கள். தார் தண்ணீரில் கரையாது. கல்லை விட்டுக் கழன்றிருக்கிறது.

கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் பாசம் அதிகம். சிலிக்கா மிகுந்த கல் என்றால் கேட்கவே வேண்டாம். தார்ப் படலத்தில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், தண்ணீர் புகுந்து இரண்டுக்கும் நடுவே பரவும். லாரி டயர் ஏறும்போது உள்ளே சிக்கிய நீர் நசுங்கிப் பாயும், இறங்கும்போது திரும்ப உறிஞ்சப்படும். மிச்சமிருந்த ஒட்டும் அதில் பிய்ந்துவிடும்.

இதைச் சோதிக்க 1971-இல் வந்த இந்தியத் தர முறை ஐ.எஸ். 6241. 200 கிராம் ஜல்லியைச் சூடாக்கி, அதன் எடையில் 5 சதவீதம் தார் கலந்து, ஆறியபின் 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைப்பார்கள். பிறகு எத்தனை சதவீதப் பரப்பில் தார் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வார்கள். 5-ஐத் தாண்டக்கூடாது. கண்மதிப்புதானே, ஆளுக்கு ஆள் மாறும். டயரின் அழுத்தமும் இதில் கிடையாது.

அதனால் கலவையையே வில்லைகளாக இறுக்கி உடைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. வேண்டுமென்றே 7 சதவீதம் அளவுக்குக் காற்று இடைவெளி விடுவார்கள். பாதி வில்லைகள் உலர்வாக இருக்கும். மீதியில் பம்பு வைத்துக் காற்றை இழுத்துத் தண்ணீர் ஏற்றி, 60 டிகிரி வெந்நீரில் ஒரு நாள் போட்டுவைப்பார்கள். (அதற்கு முன் மைனஸ் 18 டிகிரியில் உறையவைப்பதும் உண்டு, சென்னைக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான்.) பிறகு எல்லாவற்றையும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, விளிம்பில் நிறுத்தி, பிளக்கும்வரை அழுத்துவார்கள். உலர்ந்த வில்லையின் பலத்தில் 80 சதவீதமாவது ஊறிய வில்லை தாங்க வேண்டும்.

தாங்காவிட்டால் நீற்றிய சுண்ணாம்புத் தூள் சேர்க்கலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட வழி வேறு: சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், தார் அதன்மேல் பிடிக்கும். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ரோடு போட்டார்கள்.

ஆனால் வில்லை தேறிவிட்டால் ரோடும் தேறியதாகாது. மேன்ஹோல் விளிம்பிலும், மெட்ரோவுக்கும் குழாய்க்கும் வெட்டி மூடிய ஒட்டிலும் ரோலர் சரியாக ஏறியிருக்காது. அங்கே காற்று இடைவெளி 7 சதவீதத்தோடு நிற்பதில்லை. போட்ட ரோட்டிலிருந்தே உருளையாகக் கோர் வெட்டி அடர்த்தி அளப்பது இதற்குத்தான். எங்கே வெட்டினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுரோட்டுக் கோர் சுலபமாகத் தேறிவிடும்.