விளிம்பு, குறை, ஆக்ஸிஜன்: ஒரு படிகப் பரப்பை முன்வைத்து

'மையம்', 'விளிம்பு' என்கிற சொற்களை நாம் கொஞ்சம் தாராளமாகவே புழங்கி வருகிறோம். விளிம்பில்தான் எல்லாம் நிகழ்கிறது, உள்ளே இருப்பது வெறும் ஜடம் என்று ஒரு கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். உதாரணத்துக்குப் படிகத்தைக் காட்டினேன். அந்த உதாரணம் பாதிதான் சரி. அதனாலேயே இந்தக் குறிப்பு.

டைட்டானியம் டை ஆக்ஸைடை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தருவது அதுதான். அதன் ஒரு வடிவமான ரூட்டைல் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு. ரூட்டைல் படிகத்தின் உள்ளே ஒவ்வொரு டைட்டானிய அணுவையும் 6 ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. 110 என்று குறிக்கப்படும் அதன் மேற்பரப்பிலோ டைட்டானியங்களில் பாதிக்கு 5 மட்டுமே. ஒரு கை காலியாக நிற்கிறது. அப்ப, காற்றிலிருந்து வருகிற ஆக்ஸிஜன் அங்கேதானே போய் ஒட்டிக்கொள்ளும்? அறை வெப்பநிலையில் ஒட்டாது. உறுதியாகப் பிணைவதற்கு ஆக்ஸிஜனுக்கு எலெக்ட்ரான் வேண்டும்; குறையற்ற படிகத்திடம் கொடுக்க உபரி கிடையாது.

அதே படிகத்தை வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கினால் நிலைமை மாறுகிறது. இரண்டு டைட்டானியங்களுக்கிடையே பாலமாக நிற்கும் ஆக்ஸிஜன்களில் சில கழன்று போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலியிடத்தையும் 2 எலெக்ட்ரான்களையும் விட்டுவிட்டுப் போகிறது. நிறமற்ற படிகம் நீலமாகிறது. இப்போது வருகிற ஆக்ஸிஜன் மூலக்கூறு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு இரண்டாகப் பிளக்கிறது. ஒரு அணு காலியிடத்தை அடைக்கிறது. இன்னொன்று பக்கத்து டைட்டானிய வரிசைமேல் உட்கார்ந்துகொள்கிறது. பரப்புக் கவர்தல் என்பது இதுதான். உறிஞ்சுதல் வேறு: அதில் பொருள் உள்ளே போய்விடும். இங்கே எல்லாம் தோல்மேல்.

இந்தக் காலியிடத்துக்குப் படிகவியல் வைத்திருக்கும் பெயர் 'குறை'. இலட்சியப் படிகத்தை அளவுகோலாக்கியதால் வந்த பெயர் இது. வினை நடப்பதென்னவோ குறையுள்ள இடத்தில். இதுவரை நான் பேசியது சரிதான்.

ஆனால், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டுகிறது. காலியிடம் இல்லாத டைட்டானிய வரிசைகளிலும் ஆக்ஸிஜன் பிளந்து ஒட்டுகிறது. அதற்கு எலெக்ட்ரான் எங்கேயிருந்து வந்தது? பரப்புக்கு அடியில், ஒழுங்கு வரிசைகளுக்கு வெளியே, இடைவெளிகளில் சிக்கிக் கிடக்கும் டைட்டானிய அணுக்களிடமிருந்து.

ஆக, விளிம்பில் நிகழ்வது நிஜம். அதற்கான செலவில் ஒரு பங்கைக் கொடுப்பது நான் ஜடம் என்று ஒதுக்கிய உட்பகுதி. அங்கேயும் ஒழுங்குக்குள் அடங்காதவை இருக்கின்றன. பரப்பை மட்டும் பார்க்கிறவன் கண்ணில் அவை படுவதில்லை. மேடையில் நிற்பவர்களை வைத்தே இயக்கத்தைக் கணக்கிடுகிற நம்முடைய பழக்கம் எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. படிகம் சமூகத்துக்குச் சாட்சி சொல்லாது என்பது தெரியும். ஆனா சாட்சிக்குக் கூப்பிட்டது நான். அது சொல்வதை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும்.