புயலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை

"ராமேஸ்வரத்தைப் பத்திப் புத்தகம் ஏதாவது இருக்குங்களா?"

2024-ஆம் ஆண்டில் ஒரு நாள். பொது நூலகத்தின் மேசைக்கு முன்னால் நின்று ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோயில் வரலாறு, தலபுராணம், பாம்பன் பாலம், பயண வழிகாட்டி என்று அலமாரியில் ஒரு முழ நீளத்துக்குப் புத்தகங்கள் இருக்கும். கையைக் காட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கலாம். அவரும் ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். ஏனென்றால் அவருக்கு வேண்டியது ராமேஸ்வரமே இல்லை.

மேசையில் இருப்பவர் தொழில் தெரிந்தவர் என்றால் உடனே எழுந்துவிட மாட்டார்.

"இருக்கு சார். ராமேஸ்வரத்துல எதைப் பத்தித் தேடுறீங்க?"

"புயலடிச்சுதே, தனுஷ்கோடி போச்சே, அதைப் பத்திங்க."

"புயலைப் பத்தி என்ன தெரியணும்?"

கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் சொல்கிறார். "அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வைக்கணும்ங்க. பள்ளிக்கூடத்துல போட்ட தேதி சும்மா வாத்தியார் எழுதுன ஜூன் மாசத்துத் தேதி. தனுஷ்கோடி போன புயலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, தேய்பிறையில பொறந்தான்னு அப்பத்தா சொல்லும். நாளும் நட்சத்திரமும் தெரிஞ்சாத் தேவலை."

ராமேஸ்வரத்தில் தொடங்கியது ஒரு பிறந்த நாளில் வந்து நின்றது. நடுவில் இரண்டே கேள்விகள்தான். நூலகத்தில் 'ரெஃபரன்ஸ்' என்று எழுதி மாட்டியிருக்கும் பகுதியின் உயிர் இந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அங்கே அடுக்கியிருக்கும் தடித்தடி நூல்கள் அதற்குப் பிறகுதான்.

தேவை ஒன்றாகவும் கேட்பது வேறாகவும் ஏன் ஆகிறது? அமெரிக்க நூலகவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் மனத்துக்குள் ஏதோ குறைகிறது என்ற உணர்வு. அதற்குச் சொல் கிடையாது. அடுத்தது, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்ளும் அளவுக்கு மங்கலான வடிவம். மூன்றாவது, பிறரிடம் சொல்லக்கூடிய தெளிவான கேள்வி. நான்காவது படியில்தான் சிக்கல். நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று நாமாக ஓர் ஊகம் வைத்திருக்கிறோம். அந்த ஊகத்துக்குள் அடங்கும்படி கேள்வியை வெட்டிச் சுருக்கிக்கொண்டு வந்து நிற்கிறோம். 'அப்பா பிறந்த நாள் எது' என்பதை நூலகத்தில் போய்க் கேட்க முடியுமா என்று நம்மவர் யோசித்திருப்பார். புத்தகம் இருக்கும் இடமாயிற்றே, புத்தகம்தானே கேட்க வேண்டும்? அப்படித்தான் பிறந்த நாள் ராமேஸ்வரமாக உருமாறியது. நூலகர் செய்ததெல்லாம் அந்தப் படிகளில் அவரோடு பின்னோக்கி இறங்கியதுதான்.

இந்தப் பணி வேண்டும் என்று முதலில் வாதாடியவர்களில் ஒருவர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரப் பொது நூலகராக இருந்த சாமுவேல் கிரீன். தொழிற்பட்டறைகள் நிறைந்த ஊர் அது. நூலகத்துக்கு வரும் உழைப்பாளிகள் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுவதை அவர் கவனித்தார். பழைய நாளைய சத்திரக்காரர் வழிப்போக்கரை வரவேற்கும் பரிவோடு வாசகரை வரவேற்க வேண்டும் என்று 1876-இல் எழுதினார். மெல்வில் டியூயி தம் தசமப் பகுப்பு முறையை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். புத்தகத்துக்கு எண்ணும் வாசகருக்கு முகமும் ஒரே ஆண்டில் கிடைத்ததை நான் தற்செயலாக மட்டும் பார்க்கவில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்காது.

சரி, நம்மவரின் கேள்விக்கு வருவோம். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22-க்கும் 23-க்கும் இடைப்பட்ட இரவில். இதை ஒரு கலைக்களஞ்சியமோ மாவட்ட வரலாறோ ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். அவர் தஞ்சைக் கடற்கரைக்காரராக இருந்து வெறுமனே 'பெரிய புயல்' என்று மட்டும் சொல்லியிருந்தால் கதையே வேறு. 1952-லும் 1955-லும் அந்தக் கரையைப் பெரும் புயல்கள் தாக்கியிருக்கின்றன. 'எந்தப் புயல்?' என்ற இன்னொரு கேள்வி தேவைப்பட்டிருக்கும்.

டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை. அந்த வாரத்து வெள்ளி டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். தேய்பிறை என்கிறாரே அப்பத்தா, அது பொருந்துகிறதா? 1964 டிசம்பர் 19 பௌர்ணமி. அன்று முழுச் சந்திர கிரகணமும் நிகழ்ந்தது. ஆக 25 தேய்பிறைதான். பொருந்துகிறது என்று இங்கேயே எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் 'அடுத்த வெள்ளி' என்பதை அதற்கும் அடுத்த வாரத்து வெள்ளி என்றும் கொள்ளலாம். அது 1965 ஜனவரி 1. அதுவும் தேய்பிறை. அதுவும் மார்கழி. அதுவும் குரோதி வருஷம். தேய்பிறை என்ற சாட்சி இரண்டு நாளுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுகிறது.

இங்கே புத்தகம் கைவிட்டுவிடும். நூலகர் கேள்வியைத் திருப்பி வீட்டுக்கே அனுப்புகிறார். "அன்னிக்கு நிலா எப்படி இருந்துச்சுன்னு அப்பத்தாகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா சார்?" ஜனவரி 1 அமாவாசைக்கு முதல் நாள், விடியலுக்குச் சற்று முன்புதான் கீற்றாக ஒரு நிலா எழும். டிசம்பர் 25-லோ நிலா ஏறக்குறையப் பாதி; நடுச்சாமத்தை ஒட்டி எழும். அவர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வருகிறார். பிள்ளை பிறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நடுச்சாமத்தில் நிலா எழும்பியது அப்பத்தாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிசம்பர் 25.

அறுபது ஆண்டுக்கு முந்தைய வானமும் ஒரு கிழவியின் ஞாபகமும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் இந்த வேலை நம் வரலாற்றுக்குப் புதிதல்ல. கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டோடு கிழமை, திதி, நட்சத்திரம் வரும். அவற்றை ஆங்கிலத் தேதியாக மாற்ற ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுப்பது எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை நாள் நாளாகக் கணித்து 1922-இல் வெளியிட்ட பெரும் பஞ்சாங்கத் தொகுதிகளை. ஆயிரத்து நூறு ஆண்டுகளின் ஒவ்வொரு நாளும் அதில் உண்டு. இப்படி ஒரு நூலை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு வரிக்காக ஒருவர் அதைத் திறக்கலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் மீதிப் பக்கங்கள் அத்தனையும் காத்திருக்கின்றன.

ரெஃபரன்ஸ் நூல்கள் எல்லாமே இப்படித்தான். ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகப் பாடுபட்டுத் தொகுத்து 1910-இல் வெளிவந்த அபிதான சிந்தாமணி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம். நூலகத்துக்கு வெளியே எடுத்துப் போக அனுமதியில்லை என்று இவற்றின்மேல் முத்திரை குத்தியிருக்கும். அதைக் கெடுபிடி என்று நினைக்கக் கூடாது. எந்த நிமிடம் யார் என்ன கேட்பார் என்று தெரியாததால் இவை நூலகத்திலேயே இருந்தாக வேண்டும்.

இந்தப் பணியைப் பற்றி உலகில் மிக ஆழமாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் நம் சீர்காழியில் பிறந்தவர். எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வந்த சில நாட்களிலேயே வேலையே இல்லாத அந்தத் தனிமை தாங்காமல், வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். நூலகத்துறையைப் பயின்று வர லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட உலோகப் பட்டைகள், திருகாணிகள், மரைகள். அவற்றைக் கொண்டே பாலம், பாரந்தூக்கி, வண்டி என்று எதை வேண்டுமானாலும் பூட்டலாம். அறிவையும் இப்படித்தானே பூட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அதுவரை இருந்த பகுப்பு முறைகள் பெரும்பாலும் ஆயத்தப் பெட்டிகள் போன்றவை. ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஒரு பெட்டி. 'இருபதாம் நூற்றாண்டில் ராமநாதபுரம் கரையில் புயலால் மீன்பிடிப் படகுகளுக்கு நேர்ந்த சேதம்' என்று ஒரு நூல் வந்தால் எந்தப் பெட்டியில் போடுவது? மீன்பிடியிலா, வானிலையிலா, மாவட்ட வரலாற்றிலா? ரங்கநாதன் பெட்டியைத் தூக்கிப் போட்டார். எந்தப் பொருளையும் ஐந்து முகங்களாகப் பிரித்துக் கேட்கலாம் என்றார்: மையமான பொருள் எது, அது எதனால் ஆனது, அதில் நிகழும் செயல் என்ன, எந்த இடம், எந்தக் காலம். ஐந்துக்கும் தனித்தனிக் குறியீடு. தேவைக்கேற்ப அவற்றைப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. அதனால் 1933-இல் வெளிவந்த அந்த முறைக்குக் கோலன் பகுப்பு என்றே பெயர். இன்று இணையக் கடையில் சேலை தேடும்போது நிறம், விலை, துணி, ஊர் என்று ஒவ்வொன்றாகத் தட்டி வடிகட்டுகிறோமே, அந்தத் தேடலுக்குக் கணினித்துறை வைத்திருக்கும் பெயரிலேயே ரங்கநாதனின் 'முகம்' இருக்கிறது.

புத்தகங்களை அடுக்குவதற்கு அவர் சொன்ன விளக்கம் இன்னும் அழகு. அதைக் கிரகணத்தின் மொழியில் சொன்னார். நீங்கள் தேடும் பொருள் நடுவில் கருநிழலாக இருக்கிறது. அதன் இரு பக்கமும் புறநிழல், அதாவது நெருங்கிய உறவுள்ள பொருள்கள். அதற்கும் அப்பால் அன்னியம். அலமாரி இப்படி அமைந்துவிட்டால், ஒரு புத்தகத்தைத் தேடிப் போகிறவர் கண்ணில் பக்கத்து நூலும் படும். கேட்கத் தெரியாத கேள்விக்கும் விடை தட்டுப்படும். தேடிப் போன நூலைவிடப் பக்கத்து நூலால் வாழ்க்கை மாறியவர்கள் உண்டு.

நூலகவியலின் ஐந்து விதிகளை ரங்கநாதன் 1931-இல் நூலாக்கினார். நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. வாசகருக்கும் நூலுக்கும் நடுவே நின்று இருவரையும் சேர்த்துவைக்கும் பணி, நூலகத்தின் மற்ற எல்லா வேலைகளும் போய் முடியும் இடம் என்று அவர் கருதினார். அதை உடனடிப் பணி, நெடும் பணி என்று இரண்டாகவும் பிரித்தார். தனுஷ்கோடிப் புயலின் தேதி உடனடிப் பணி. அப்பத்தாவின் வெள்ளிக்கிழமை நெடும் பணி.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் பின்னால் நடக்கிறது. அலமாரியில் ஒரு நூலுக்கு ஓர் இடம்தான். பட்டியலில் அதற்குப் பல வாசல்கள். தமிழில் இது எளிதல்ல. கல்கி என்று தேடினாலும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடினாலும் ஒரே ஆளிடம் போய்ச் சேர வேண்டும். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர்தான் என்று பட்டியல் தயாரிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாமிநாதையர், சுவாமிநாத ஐயர் என்று எழுத்து மாறினாலும் உ.வே.சா. தொலைந்துவிடக் கூடாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தப் பெயர்களையெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்ததால்தான் நாம் இரண்டு விநாடியில் கண்டுபிடிக்கிறோம்.

ஆனாலும் இந்தப் பணி எல்லா நேரமும் சரியாக நடப்பதில்லை. அமெரிக்க நூலகங்களில் ஆராய்ச்சியாளர்கள் வாசகர்போல் போய்க் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 55 விழுக்காடு விடைகளே சரி என்று 1986-இல் வெளிவந்த ஒரு கட்டுரை சொன்னது, அந்தத் துறையையே உலுக்கியது. தவறியதற்கு நூல் இல்லாதது மட்டும் காரணமில்லை. பல இடங்களில் நூலகர் திருப்பிக் கேட்கவில்லை. கடைசியில் 'நீங்க கேட்டது முழுசாக் கிடைச்சுதா?' என்று ஒரு வார்த்தை விசாரித்த இடங்களில் நிலைமை நன்றாக இருந்ததாகவும் ஆய்வுகள் காட்டின. இன்றைய தேடுபொறியிடம் நான் காணும் பெருங்குறையும் இதுதான். ராமேஸ்வரம் என்று தட்டினால் ராமேஸ்வரத்தையே அள்ளிக் கொட்டும். ஏன் கேட்கிறாய் என்று அது கேட்காது.

இலங்கைத் தமிழில் ரெஃபரன்ஸ் பகுதிக்கு 'உசாத்துணைப் பகுதி' என்று பெயர். உசாவுதல் என்றால் விசாரித்தல், கலந்து ஆலோசித்தல். விசாரிக்கும்போது கூட இருக்கும் துணை. இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் எந்த நூலகத்தின் பலகையிலும் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைத் தந்த மண்ணில்தான் 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. வேறெங்கும் படியில்லாத நூல்கள் அதில் இருந்தன. ஒரே படி எரியும்போது, இனி யாரோ கேட்கப் போகும் கேள்விக்கான விடையும் சேர்ந்து எரிகிறது. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஒளிவருடி இணையத்தில் ஏற்றிவருவதை அந்தத் தீயோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

நம்மவருக்கு இன்னும் நட்சத்திரம் கிடைக்கவில்லை. அதற்கு 1964-65-இன் குரோதி வருஷப் பஞ்சாங்கம் வேண்டும். வருஷம் முடிந்ததும் பழைய தாள்காரரிடம் போய்விடும் பொருள் அது. இப்படிப்பட்டவற்றையும் சேர்த்தவர் ஒருவர் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய இதழ் என்று எதையும் தள்ளாமல் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பே 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எந்தக் கேள்விக்கு எது விடையாகும் என்று சேர்க்கும்போது யாருக்கும் தெரியாது.

பஞ்சாங்கம் எங்கே கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டு, அதற்குள் நூலகர் 1964 டிசம்பர் மாதச் செய்தித்தாள் கட்டை எடுத்து வந்து மேசையில் வைக்கிறார். பழுப்பேறிய தாள், ஓரம் உதிர்கிறது. விரலால் தொடாமல் அட்டையால் தள்ளித் தள்ளிப் புரட்டச் சொல்லித் தருகிறார். 23, 24, 25 என்று நாட்கள் நகர்கின்றன. அப்பா பிறந்த வாரத்து உலகம் அச்சில் விரிகிறது. வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

"நீங்க தேடுனது கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுதுங்க." பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறார்: "அந்த ராமேஸ்வரம் புத்தகமும் ஒண்ணு குடுங்களேன்."