உங்களுக்குத் தெரியுமா? சீவலிலும் கேட்கும் மூளையின் பேச்சு

ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு தாண்டினால் ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் வரும். நம் பக்கத்தில் பலருக்கு அது மனநல ஆஸ்பத்திரி மட்டும்தான். நினைவு மூளையில் எப்படிப் பதிகிறது என்று மின்சாரத்தால் அளந்து பார்க்கும் ஆய்வும் அங்கே நடக்கிறது.

புது நினைவு பதிய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி வேண்டும். எலியின் ஹிப்போகேம்பஸை, அதிரும் பிளேடு பொருத்திய கருவியில் 300 முதல் 400 மைக்ரான் கனத்தில் சீவுவார்கள். சிப்காட் பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடித்தவருக்கு இந்தக் கனத்தை விளக்க வேண்டியதில்லை. இதைவிடத் தடித்தால் நடுவிலுள்ள செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது. மெலிந்தால் நரம்பிழைகள் அதிகம் அறுந்துபோகும்.

குளுக்கோஸும் உப்புகளும் கலந்த கரைசலில், 95% ஆக்சிஜனும் 5% கார்பன் டை ஆக்சைடும் குமிழ விட்டால், அந்தச் சீவல் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும்!

அளப்பது இப்படி. நரம்பிழைக் கற்றையில் ஒரு மின்முனை சின்னத் துடிப்பு கொடுக்கும். சற்றுத் தள்ளி, உப்புக்கரைசல் நிரப்பிய நுண்ணிய கண்ணாடிக் குழாய் பதிலைப் பிடிக்கும். திரையில் ஒரு சிறு பள்ளம் விழும். அதன் சரிவு எவ்வளவு செங்குத்தோ, நரம்பிணைப்பு அவ்வளவு வலு. இருபது நிமிடமாவது அளவு ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். அதன்பிறகு ஒரே விநாடியில் 100 துடிப்புகள். பள்ளம் ஆழமாகிறது, ஒரு மணி நேரம் கழிந்தும் அப்படியே நிற்கிறது. உடம்பை விட்டுப் பிரிந்த துண்டு, தனக்கு நேர்ந்ததை இவ்வளவு நேரம் வைத்திருப்பது எனக்கு இன்றும் பெரும் வியப்பு.

இந்த நீடித்த வலுவேற்றத்தை முதலில் கண்டது முயலில், சீவாத மூளையில். 1966இல் ஆஸ்லோவில் டெர்யே லோமோ கவனித்தார். டிம் பிளிஸ்ஸுடன் சேர்ந்து 1973இல் விரிவாக எழுதினார்.

விநாடிக்கு ஒன்றாக 900 துடிப்புகள் கொடுத்தால் இணைப்பு வலு இழக்கும். செரீனா டூடெக், மார்க் பேர் இருவரும் 1992இல் காட்டியது இது.

மன அழுத்தம் இந்த வலுவேற்றத்தை மூளையின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் அமிக்டலாவில், அதாவது பயத்தைக் கையாளும் பகுதியில், இணைப்புகள் வலுவேறும் திறன் கூடியிருந்தது.

நிம்ஹான்ஸ் குழு 2011இல் வெளியிட்டதும் கவனிக்க வேண்டியது. மனச்சோர்வு நிலை உண்டாக்கிய எலிகளின் ஹிப்போகேம்பஸில் வலுவேற்றம் குறைந்திருந்தது. மனச்சோர்வுக்கு டாக்டர்கள் எழுதித்தரும் எஸ்சிட்டாலோபிராம் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தார்கள். வலுவேற்றம் மீண்டது; வழி கற்கும் திறனும் கூடவே மீண்டது.