வெயில் விளையும் பூமியில் எரிசக்தி அரசியல்



அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று நம் பக்கத்து ஊர்களைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வெயிலும் கருவேலங்காடும்தான். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் கண்மாய் காயும், மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் கருகும். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போவார்கள். தலைமுறை தலைமுறையாக நாம் சபித்து வந்த இந்த வெயிலுக்கு இன்று விலை வந்துவிட்டது. சோலார் கம்பெனிகளும் அவர்களுக்காக அலையும் புரோக்கர்களும் நம் மானாவாரி நிலங்களைத் தேடி வருகிறார்கள்.

மறுபக்கம் தேர்தல் மேடைகளில் மின்சாரமும் பருவநிலை மாற்றமும் பேசப்படுகின்றன. ஒருவர் நிலக்கரி வேண்டாம் என்கிறார், மற்றவர் அணு உலை வேண்டும் என்கிறார். இன்னொருவர் எல்லாமே இலவசம் என்கிறார். இவற்றில் எதை ஏற்பது, எதைச் சந்தேகிப்பது? கிறிஸ்தவர்களாகிய நாம் இவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? இதைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

கமுதி: ஒரு திட்டம், இரண்டு பார்வைகள்

2012-ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க முடியாது. நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு! விசைத்தறிகள் நின்றன, மில்களில் ஷிப்டுகள் குறைந்தன. அந்தச் சூழலில்தான் முதல்வர் ஜெயலலிதா 2012 அக்டோபரில் தமிழ்நாடு சூரிய எரிசக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015-க்குள் 3,000 மெகாவாட் என்பது அதன் இலக்கு. உரிய காலத்தில் அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் 2015 ஜூலையில் அதானி குழுமத்துடன் 648 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2016 செப்டம்பரில் நமக்கு அருகில் உள்ள கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் சூரிய மின் நிலையம் செயல்படத் தொடங்கியது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையமாக அது பேசப்பட்டது.

ஒப்பந்த விலை ஒரு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. தி.மு.க. தலைவர் கருணாநிதியும் பா.ம.க. நிறுவனர் ராமதாஸும் அந்த விலையைக் கேள்வி கேட்டார்கள். அதே காலத்தில் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஏலத்தில் 5 ரூபாய் 5 காசுக்கே சூரிய மின்சாரம் கிடைத்ததே என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். இது ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை, நாங்களாக வைத்ததல்ல என்பது அரசின் பதில். 2017-இல் தமிழகமே ஏலம் விட்டபோது விலை 3 ரூபாய் 47 காசாக இறங்கியது. சூரிய மின்கருவிகளின் விலை அந்த ஆண்டுகளில் வேகமாகக் குறைந்து வந்தது உண்மை. ஏலம் விட்டதும் விலை இறங்க உதவியது என்பதும் உண்மை.

இந்த விவாதத்தில் சூரிய சக்தியே வேண்டாம் என்று எந்தப் பெரிய கட்சியும் சொல்லவில்லை. என்ன விலை, யாருக்கு இலாபம் என்பதுதான் சண்டை. நிலத்தைக் கொடுத்த ஊர்க்காரருக்கு என்ன கிடைத்தது, அங்கே ஆடு மேய்த்தவர் எங்கே போனார், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் என்ன ஆனது, பேனல்களைக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகள் சட்டமன்றத்தில் விலைக் கேள்வி ஒலித்த அளவுக்கு ஒலிக்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சூரிய ஒளி மின் நிலையங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆகவே அந்த அறிவிக்கையின்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இவற்றுக்கு இல்லை.

கூடங்குளம்: நிலைப்பாடு மாறியபோது

2011-இல் ஜப்பானின் புகுஷிமா விபத்துக்குப் பின் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் மக்கள் திரண்டதை நாம் அறிவோம். 2011 செப்டம்பரில் மக்களின் அச்சம் நீங்கும் வரை பணிகளை நிறுத்தும்படி மத்திய அரசைக் கேட்டு ஜெயலலிதாவின் அமைச்சரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2012 மார்ச்சில், சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், அதே அமைச்சரவை உலையைத் திறக்கலாம் என்றது. பிரதமர் மன்மோகன் சிங்கோ அதற்கு முந்தைய மாதமே, போராட்டத்தின் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொல்லியிருந்தார். 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி அளித்தது.

அணு மின்சாரம் கரியமில வாயுவை மிகக் குறைவாகவே வெளியிடுகிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. கடலை நம்பி வாழும் மக்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசாமல், வாக்குப்பதிவு நாளை ஒட்டி முடிவுகள் மாறுவதாக மக்கள் உணரும்போதுதான் அவர்கள் நம்பிக்கை இழக்கிறார்கள்.

நிலக்கரி: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

2023 ஏப்ரலில் காவிரி டெல்டாவை ஒட்டிய நிலக்கரித் தொகுதிகளை மத்திய அரசு ஏலப்பட்டியலில் சேர்த்தபோது முதல்வர் ஸ்டாலின் எதிர்த்தார். அ.தி.மு.க., பா.ம.க. எதிர்த்தன. தமிழக பா.ஜ.க.வும் அவற்றை நீக்கக் கேட்டது. சில நாட்களிலேயே அவை நீக்கப்பட்டன. 2023 ஜூலையில் நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்கு எதிராக அன்புமணி ராமதாஸ் தலைமையில் போராட்டம் நடந்தது. ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது என்.எல்.சி. நிறுவனம்.

ஆனால் 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் அனல்மின் நிலையம் திறக்கப்பட்டது. அதை எந்தப் பெரிய கட்சியும் தடுக்கவில்லை. காற்றாலைகள் மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல் உள்ள மாநிலம் நம்முடையது. ஆயினும் காற்று அடங்கிய மாதங்களில், இரவு நேரங்களில், நமக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் நிலக்கரிதான். விளைநிலத்தில் நிலக்கரி வேண்டாம், வீட்டில் மின்சாரம் வேண்டும் என்று நாமும் நினைக்கிறோம். அரசியல்வாதிகளின் இந்த முரண்பாடு ஓரளவு நம்முடைய முரண்பாடே.

இலவச மின்சாரம்

ஒரு விஷயத்தில் இரு திராவிடக் கட்சிகளுக்கும் வேறுபாடு இல்லை. விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் எம்.ஜி.ஆர். காலத்தில் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கி, கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. 2016 மே மாதம் ஜெயலலிதா வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்திட்டார். 2020-இல் மத்திய அரசு மின்சாரச் சட்டத்தைத் திருத்த முனைந்தபோது அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலினும் எதிர்த்தார்கள்.

ஏழைக் குடும்பத்துக்கு இந்தச் சலுகை உண்மையான உதவி. ஆனால் கிணற்றில் மோட்டார் ஓடும் வரைதான் இலவச மின்சாரத்துக்குப் பொருள். நிலத்தடி நீர் வற்றிய பின் யாருக்கு என்ன பயன்? நீரைச் சேமிக்கும் கண்மாய் பராமரிப்பும் இலவச மின்சாரமும் கைகோத்துச் செல்ல வேண்டும் என்று வாக்குக் கேட்கும் எவரும் அழுத்திச் சொல்வதில்லை.

டெல்லியிலும் உலகிலும்

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி, 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, 2030-க்குள் புதைபடிவமல்லாத 500 கிகாவாட் மின்திறன் என்று அறிவித்தார். அதே மாநாட்டில் நிலக்கரியை அறவே நிறுத்துவது என்ற சொல்லை, படிப்படியாகக் குறைப்பது என்று மாற்றும்படி இந்தியா வலியுறுத்தியது. செல்வந்த நாடுகள் நூறாண்டுகளுக்கு மேலாக எரித்துவிட்டு, இப்போது ஏழை நாடுகளை மட்டும் நிறுத்தச் சொல்வது நியாயமா என்பது நம் நாட்டின் கேள்வி. அக்கேள்வியில் நீதி இருக்கிறது. அமெரிக்காவோ 2015-இன் பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து 2020-இல் விலகியது, 2021-இல் திரும்ப வந்தது, 2025 ஜனவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது.

2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களைப் பெருமழை தாக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! முன்னெச்சரிக்கை போதவில்லை என்றார் முதல்வர். உரிய நேரத்தில் எச்சரித்தோம் என்றார் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அந்தச் சொற்போர் நடந்தபோது தூத்துக்குடியில் மக்கள் மொட்டை மாடிகளில் குடிநீருக்காகக் காத்திருந்தார்கள்.

நம் பகுதிக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. பேரிடர் மேலாண்மைத் துறையை 2021-இல் ஏற்றவர் அருப்புக்கோட்டை சட்டமன்ற உறுப்பினர் சாத்தூர் ராமச்சந்திரன். திருச்சுழியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தங்கம் தென்னரசு 2023 ஜூன் முதல் சில காலம் மின்சாரத் துறையையும், 2024 செப்டம்பரிலிருந்து சுற்றுச்சூழல், காலநிலை மாற்றத் துறையையும் கூடுதலாகப் பெற்றார். இத்துறைகளெல்லாம் எட்டாத தூரத்தில் இருப்பதாக நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

திருச்சபை என்ன சொல்கிறது?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ எனும் திருமடல், புதைபடிவ எரிபொருள்களைத் தாமதமின்றி, படிப்படியாக மாற்ற வேண்டும் என்கிறது. மாற்று வழி பரவலாகும் வரை குறைந்த தீங்கைத் தெரிவு செய்வது ஏற்கத்தக்கது என்றும் கூறுகிறது. அடுத்த தேர்தலை மட்டும் பார்க்கும் அரசியலைக் கண்டிக்கிறது. எந்தத் திட்டமானாலும் உள்ளூர் மக்களுக்கு விவாத மேசையில் தனி இடம் வேண்டும் என்கிறது. அதே வேளையில், அறிவியல் கேள்விகளுக்குத் தீர்ப்புச் சொல்வதோ அரசியலின் இடத்தைப் பிடிப்பதோ திருச்சபையின் நோக்கமல்ல என்றும் தெளிவாக்குகிறது. எனவே இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் என்று பீடத்திலிருந்து சொல்வது நம் பணியல்ல. எதைக் கேட்க வேண்டும் என்று கற்பிப்பது நம் பணி.

2024 ஜூனில் அதே திருத்தந்தை, உரோமைக்கு அருகில் சாந்தா மரியா தி கலேரியாவில் வத்திக்கானின் நிலத்தில் ஒரு சூரிய மின் நிலையம் அமைக்க ஆணையிட்டார். பேனல்களோடு வேளாண்மையும் அதே நிலத்தில் தொடர வேண்டும் என்பது அத்திட்டத்தின் சிறப்பு. மின்சாரமா, விவசாயமா என்று ஒன்றைத் தெரிவு செய்யத் தேவையில்லை என்பதற்கு இது நல்ல அடையாளம். பேனலை உயர்த்தி அமைத்தால் அடியில் ஆடும் மேயலாம், பயிரும் விளையலாம். நம் பக்கத்துத் திட்டங்களில் இதை ஏன் கேட்கக் கூடாது?

யோசேப்பின் களஞ்சியம்

தொடக்கநூலில் யோசேப்பை நாம் நன்கு அறிவோம். ஏழு வளமான ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்து வைத்து, ஏழு பஞ்ச ஆண்டுகளில் எகிப்தைக் காப்பாற்றினார். வரப்போகும் ஆபத்தை முன்னறிந்து திட்டமிடும் ஆட்சியாளருக்கு அவரைவிடச் சிறந்த முன்மாதிரி கிடையாது. ஆனால் 47-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பஞ்சம் நீடித்தபோது மக்கள் முதலில் பணத்தையும், பிறகு கால்நடைகளையும், கடைசியில் நிலத்தையும் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். உயிர் தப்பியது. நிலமோ பார்வோனுக்குச் சொந்தமாயிற்று, மக்கள் தங்கள் நிலத்திலேயே கூலிகளைப் போல ஆனார்கள்.

திட்டம் தவறல்ல, அது உயிர்களைக் காத்தது. ஆனாலும் நிலம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை விவிலியம் மறைக்கவில்லை. பருவநிலை மாற்றத்திலிருந்து உலகைக் காக்கச் சூரிய சக்தி தேவை என்பதில் ஐயமில்லை. அதற்காக ஐந்து ஏக்கர் கரிசல் வைத்திருந்தவர் அதே வேலிக்கு வெளியே வாட்ச்மேனாக நிற்க வேண்டுமா என்பதும் அதே அளவு முக்கியமான கேள்விதான்.

அதே அதிகாரம் இன்னொன்றையும் குறிப்பிடுகிறது: குருக்களின் நிலம் மட்டும் விற்கப்படவில்லை. நிலமும் கட்டடங்களும் உள்ள நம் பங்குகளும் நிறுவனங்களும் இந்த வரியை மனச்சான்றோடு வாசிக்க வேண்டும். இழப்பு நமக்கு நேராதபோது நாம் மௌனமாக இருப்பது எளிது.

நாம் கேட்க வேண்டியவை

வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும் நாம் அமைதியாக, மரியாதையோடு சில கேள்விகளைக் கேட்கலாம். சூரிய மின் திட்டத்துக்கு நிலத்தை விற்காமல், உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு நியாயமான குத்தகைக்கு விட அரசு உதவுமா? கண்மாய், ஊருணி, வரத்துக்கால் ஆகியவற்றை வேலிக்குள் அடைக்காமல் காப்பீர்களா? சொந்த நிலமில்லாத ஆடு மேய்ப்பவருக்கும் கரிமூட்டம் போடும் கூலித் தொழிலாளிக்கும் என்ன வழி? மின்சாரத்தை வாங்கும் விலை வெளிப்படையான ஏலத்தில் முடிவாகுமா? எதிர்க்கட்சியில் இருந்தபோது சொன்னதை ஆளுங்கட்சியான பிறகும் சொல்வீர்களா?

இக்கேள்விகளுக்கு முதல் இடம் கிராம சபை. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மதிய வெயிலுக்குப் பயந்து நாம் போகாமல் இருந்தால், நமக்காக வேறு யாரோ கைதூக்குவார்கள். நிலத்தை விற்க நினைப்பவர்கள் அவசரப்பட்டுப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்காமல், வில்லங்கம் பார்த்து, படித்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. தனியாகப் பேசினால் புரோக்கர் சொல்வதே விலை, பத்துப் பேர் சேர்ந்து பேசினால் விலை வேறு. அன்பியக் கூட்டங்களில் செபித்து முடித்த பின் பத்து நிமிடம் இதைப் பேசலாமே! சொந்த மாடி உள்ளவர்கள், வீட்டுக் கூரை சூரிய மின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் வழங்கும் வகையில் 2024-இல் திட்டம் தொடங்கப்பட்டதை விசாரித்து அறியலாம்.

அன்புக்குரியவர்களே, தம் முன்னோரின் உரிமைச்சொத்தாகிய திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கு விற்க மறுத்தார் நாபோத்து. அது அவருக்கு வெறும் சொத்தல்ல, கடவுள் ஒப்படைத்த பொறுப்பு. நம் கரிசலும் செவலும் அப்படியே. நல்லார்மேலும் தீயார்மேலும் கதிரவனை உதிக்கச் செய்யும் தந்தை, எல்லாருக்குமாகத் தந்த வெயில் இது. அதன் பயன் எல்லாரையும் சென்றடைய உழைப்பது நம் கடமை. அதற்கான ஞானத்தையும் துணிவையும் தூய ஆவியார் நமக்கும் நம்மை ஆள்வோருக்கும் தந்தருள்வாராக! ஆமென்.