ஒரே தீவு, மூன்று காட்சி

சென்ற வாரம் வில்லியம் ஜேம்ஸை எடின்பரோ மேடையில் விட்டுவிட்டு வந்தோம். 1902இல் நூலாக வந்த அந்த விரிவுரைகளில், தனிமனிதர் தம் தனிமையில் உணர்வதும் செய்வதுமே சமயம் என்று அவர் வரையறுத்தார். கோயில், குருக்கள், சடங்கு எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். அந்த வரையறையை ஆனி மாதத்தில் நயினாதீவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம்.

குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும் சனத்திலேயே ஜேம்ஸ் திணறிப்போவார். நாகபூசணி அம்மன் தேரன்று ஆண்கள் வெளிவீதியில் பிரதட்டை செய்கிறார்கள், பெண்கள் அடியழிக்கிறார்கள், தூக்குக் காவடிகள் வருகின்றன. நேர்த்தி வைத்தவர் தாயாக இருப்பார். நிறைவேற்றுபவர் மகனாக இருப்பார். பயணத்துக்குக் காசு அனுப்பியவர் கனடாவில் இருக்கும் அண்ணனாகவும் இருக்கலாம். இதில் தனிமை எங்கே?

ஜேம்ஸின் வழிவந்த சிந்தனைக்கு வலுவான மறுப்பு 1978இல் ஸ்டீவன் காட்ஸ் தொகுத்த நூலில் வந்தது. ஊர், நூல், குரு, பழக்கம் இவற்றில் தோயாத வெறும் அனுபவம் என்று ஒன்று கிடையாது, ஒருவர் எதைக் காணப் பழகியிருக்கிறாரோ அதுவே அவருடைய காட்சியையும் வடிவமைக்கிறது என்றார் காட்ஸ். இதற்கு நயினாதீவைவிட நல்ல சோதனைக்களம் எனக்குத் தெரியவில்லை. சாத்தனாரின் மணிமேகலை மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டதும் தன் முற்பிறப்பை அறிகிறாள். நாகதீபத்தில் மணி ஆசனத்துக்காகச் சண்டையிட்ட இரு நாக அரசர்களைப் புத்தர் வந்து சமாதானப்படுத்தினார் என்கிறது மகாவம்சம். ஊர் மரபோ, அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் வந்த நாகத்தைக் கருடன் மறித்தது, வணிகன் ஒருவன் அதைக் காப்பாற்றினான் என்று சொல்லி, பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் காட்டும்.

மணிபல்லவமும் நாகதீபமும் இந்தத் தீவுதான் என்பதை ஆய்வாளர் எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. படகில் வருகிறவர்களுக்கு அந்த வழக்கு அவசியமும் இல்லை. அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். பௌத்தக் காப்பியத்தின் பாத்திரம் சைவப் பந்தியில் சோறு போடுகிறது! மரபுகள் காட்ஸ் நினைத்த அளவுக்குப் பூட்டிய அறைகள் அல்ல.

சரி, அடியழிக்கும் பெண்ணைப் பற்றி ஆய்வாளர் என்ன எழுதலாம்? 1985இல் வேய்ன் பிரவுட்ஃபுட் ஒரு கோடு கிழித்தார். அனுபவத்தை விவரிக்கும்போது, அனுபவித்தவருக்கு உரிய கருத்துகளைக் கொண்டே விவரிக்கவேண்டும். ‘அம்மாள் என்னைக் கூப்பிட்டா’ என்று அவள் சொல்ல, ‘அவளுக்கு மனப்பாரம் குறைந்தது’ என்று எழுதிவைப்பது பிழை. ஏன் அப்படி நேர்ந்தது என்று காரணம் தேடுவது வேறு வேலை, அதற்கு அவள் சம்மதம் வேண்டியதில்லை. இந்தப் பிந்திய பாதி பக்தர்களுக்குப் பிடிக்காது. முந்திய பாதியை ஆய்வாளர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

கணநாத் ஒபேசேகர மறக்கவில்லை, ஆனால் அவசரப்பட்டார் என்பது என் எண்ணம். 1981இல் வந்த ‘மெடூசாவின் கூந்தல்’ என்ற நூலில், கதிர்காமத்தில் சடை விழுந்து ஆடும் பெண்களின் சீவியக் கதைகளைப் பொறுமையாகக் கேட்டு எழுதினார். சடை ஊருக்கெல்லாம் பொதுவான அடையாளம்தான். ஆனாலும் ஒவ்வொருத்தியின் துக்கமும் குற்றவுணர்வும் அதில் தனித்தனியாகத் திரண்டிருக்கின்றன என்று காட்டினார். இதுவரை அருமை. பிறகு ஃபிராய்டு வந்துவிடுகிறார். ஆடிய பெண்ணொருத்தியின் சடையைக் கண்டபோது தமக்கே ஏற்பட்ட கலக்கத்திலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது என்று ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை மதிக்கவேண்டும்.

பட்ரீசியா லாரன்ஸ் போன வழி வேறு. போர்க்கால மட்டக்களப்பில், காணாமற்போன பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று கேட்டு, அம்மன் உருவேறிச் சொல்பவர்களிடம் தாய்மார் போனார்கள். வெளியே வாய்திறக்க முடியாத காலம் அது. பிள்ளை பட்ட வதையைத் தெய்வமாடுபவர் தம் உடலில் பட்டுக் காட்டினார். லாரன்ஸ் அதை நோயாக எழுதவில்லை. பேச்சு அடக்கப்பட்ட இடத்தில் துயரம் பேசக் கண்ட வழி என்று எழுதினார். தாய்மாரின் சொற்களுக்கு அருகில் நிற்கும் விளக்கம் இது. அதனால்தான் எனக்கு இது ஒபேசேகரவைவிட நம்பத்தக்கதாகப் படுகிறது.

இதற்கெல்லாம் மேற்கே போகவேண்டுமா என்பவர்கள் சைவ சித்தாந்தத்தை நினைவூட்டுவார்கள். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும், இருளோடு சேர்ந்தால் இருளாகவும் ஒளியோடு சேர்ந்தால் ஒளியாகவும் நிற்கும் என்பது மெய்கண்டார் வழிவந்த கொள்கை. காட்ஸின் வாதத்துக்கு இது எவ்வளவோ கிட்ட வருகிறது. ஆனால் சித்தாந்தி அத்தோடு நிற்கமாட்டார், எதைச் சார்வது மேல் என்று தீர்ப்பும் சொல்வார். ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகமத்தை வைத்து உயிர்ப்பலியையும் சிறுதெய்வ வழிபாட்டையும் கண்டித்தது அந்தத் துணிவில்தான்.

பிரவுட்ஃபுட் கிழித்த கோடு இங்கே சிக்குகிறது. அனுபவித்தவருடைய கருத்து என்றால், அடியழிக்கிறவள் சொல்வதா, அவளுடைய சமயம் எது என்று அவளுக்கே வரையறுத்துக் கொடுத்த பண்டிதர் சொல்வதா? பண்டிதரும் ஊர்க்காரர், வெளியார் அல்லர். நாவலர் அவளுக்கு எந்த இடம் கொடுப்பார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)